காமாலை சொல்லும் செய்தி: பித்தநாளப் புற்றுநோயைத் தொடக்கத்தில் அறிதல்



கண் மஞ்சளாயிற்று என்றவுடன் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் நிகழ்வது பெரும்பாலும் ஒன்றே. வரப்போரத்துக் கீழாநெல்லியைப் பறித்து வந்து, அரைத்து, மோரில் கலந்து, காலையில் வெறும் வயிற்றில் கொடுக்கிறார்கள். எண்ணெயும் காரமும் நிறுத்தப்படுகின்றன. அண்டை ஊரில் காமாலைக்கு மருந்து கொடுப்பவர் இருந்தால் அவரிடமும் அழைத்துச் செல்கிறார்கள். சில வாரங்களில் மஞ்சள் இறங்கிவிடுகிறது, வீடும் நிம்மதியடைகிறது.

இவ்வழக்கத்தை எள்ளி நகையாடுவது எளிது, அது நேர்மையாகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்குடன் இணைந்து, இதே கீழாநெல்லியை ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி தாங்கியவர்களுக்குக் கொடுத்து ஆராய்ந்து, 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டனர். நம்பிக்கையூட்டிய அம்முடிவு, பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. ஆயினும் அறிவியல் மதித்து ஆராய்ந்த மூலிகை அது. இங்குக் கவனிக்க வேண்டியது வேறொன்று. அசுத்தமான நீரினாலும் உணவினாலும் வரும் ஹெப்பட்டைட்டிஸ் ஏ வகைக் காமாலை, பெரும்பாலோர்க்கு எந்த மருந்துமின்றித் தானே சில வாரங்களில் அடங்கிவிடும் இயல்புடையது. ஊரில் மிகுதியாகக் காணப்படும் காமாலை வகைகளுள் அதுவும் ஒன்று. ஆதலால் எந்தக் கஷாயம் கொடுத்தாலும் அது பலித்ததாகவே தோன்றும். அந்த அனுபவத்தை நம்பியே, முற்றிலும் வேறான ஒரு நோய்க்கும் அதே மருந்து கொடுக்கப்படுகிறது.

காமாலை ஒரு நோயன்று, அறிகுறி. அதன்பின் நிற்கக்கூடிய நோய்களுள் பித்தநாளப் புற்றுநோயும் ஒன்று. அரிய நோய்தான், பல நாடுகளில் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவர்க்கே வருகிறது. பித்தப்பையில் தோன்றும் புற்றுநோய் இதனின் வேறானது; அது கங்கைச் சமவெளியில் மிகுதி. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் உண்டு.

கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்குக் குறையாமல் பித்தநீரைச் சுரக்கிறது. வாய்க்கால்கள் ஒன்றுகூடிக் கால்வாயாவது போல, கல்லீரலுக்குள்ளிருக்கும் நுண்குழாய்கள் சேர்ந்து வலக்குழாய், இடக்குழாய் என இரண்டாகின்றன. கல்லீரலின் வாயிலில் அவ்விரண்டும் கூடி ஒன்றாகின்றன. வழியில் பித்தப்பையின் குழாய் வந்து இணைய, பொதுப் பித்தநாளம் கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டி இறங்கி, முன்சிறுகுடலில் ஒரு சிறு மதகு போன்ற துவாரத்தில் திறக்கிறது. இந்த நாளத்தின் அகலம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டரே. பழைய இரத்த அணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சள் பொருள் இவ்வழியாகவே வெளியேறுகிறது. வழி அடைபட்டால் அது இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் படிகிறது.

அகலம் இவ்வளவு குறுகியதாக இருப்பதில் ஒரு நன்மையும் அடங்கியுள்ளது. வேறு உறுப்பாயின் எவர் கண்ணிலும் படாமல் வளரக்கூடிய அளவுள்ள சிறு கட்டி, இங்கே பாதையை அடைத்துத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஜெரால்டு கிளாட்ஸ்கின், வலக்குழாயும் இடக்குழாயும் கூடும் இடத்தில் தோன்றிய இத்தகைய புற்றை 13 நோயாளிகளிடம் கண்டு 1965-இல் விவரித்தார். அவ்விடத்துக் கட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பித்தநாளப் புற்றில் பாதிக்கு மேற்பட்டவை அந்தக் கூடலிலேயே தோன்றுகின்றன. எனவே வலியில்லாத காமாலை, அறுவைக்கு இடமிருக்கும் காலத்திலேயே வந்து கதவைத் தட்டும் செய்தியாக இருக்கக்கூடும். அச்செய்தியை முதல் வாரத்தில் படிப்பதற்கும் மூன்றாம் மாதத்தில் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு பல நேரங்களில் உயிரின் வேறுபாடாகும்.

அதைப் படிப்பது எவ்வாறு? வைரஸ் காமாலையில் பெரும்பாலும் முதலில் காய்ச்சல், குமட்டல், சோற்றைக் கண்டாலே வெறுப்பு ஆகியவை வரும். பின்னரே கண் மஞ்சளாகும். குழாய் அடைப்பினால் வரும் காமாலை ஓசையின்றி வருகிறது. சிறுநீர் தேயிலைச் சாறு போலக் கருக்கிறது. மலம் தன் இயல்பான நிறத்தை இழந்து களிமண் போல வெளுக்கிறது. பித்தநீர் குடலுக்கு வந்து சேராமையே காரணம். உடலெங்கும் அரிப்பு உண்டாகிறது, இரவில் மிகுதியாக. சிலருக்குக் கண் மஞ்சளாகும் முன்பே அரிப்புத் தொடங்கிவிடுவதால், தோல் நோய் என்று கருதிக் களிம்பு தடவிக்கொண்டே நாள்கள் கழிகின்றன. வயிற்றில் வலியில்லை, காய்ச்சலில்லை; ஆகவே அஞ்ச வேண்டியதில்லை என்று வீட்டார் தேற்றிக்கொள்கிறார்கள். உண்மையில் வலியில்லாமையே ஐம்பது வயதைக் கடந்தவரிடத்தில் ஐயத்தை எழுப்ப வேண்டும். மலத்தின் நிறத்தை வீட்டாரிடம் சொல்ல முதியவர்கள் கூசுகிறார்கள். கேட்கவும் எவரும் துணிவதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாலே பாதி வழி தெளிந்துவிடும்.

இதனினும் ஏமாற்றக்கூடிய ஒன்று உண்டு. நாளம் குடலில் திறக்கும் அந்த மதகினருகே தோன்றும் புற்றில், கட்டியின் ஒரு பகுதி தானே சிதைந்து உதிர்வதால் அடைப்புச் சற்று விலகி, மஞ்சள் இறங்கும். சில நாள்களில் மீண்டும் ஏறும். அந்த இடைவேளையில் எவர் கையால் எந்த மருந்து உட்கொள்ளப்பட்டதோ, அதற்கே பெருமை சேர்கிறது. ஏறி இறங்கும் காமாலையைக் குணமாகும் காமாலை என்று கொள்ளலாகாது.

இரத்தப் பரிசோதனைத் தாளை எல்லா வீடுகளிலும் பத்திரப்படுத்துகிறார்கள். பிலிரூபின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அது ஏறக்குறைய 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதும் பலர்க்குத் தெரியும். ஆனால் காமாலையின் வகையைச் சொல்வன அதற்குக் கீழுள்ள வரிகள். கல்லீரல் அணுக்கள் வைரஸால் தாக்குண்டால் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் இரண்டும் பல நூறு, சில வேளை ஆயிரத்துக்கு மேலும் உயர்கின்றன. குழாய் அடைபட்டால் அவை ஓரளவே உயர, அல்கலைன் பாஸ்பட்டேஸும் காமா ஜி.டி.யும் பன்மடங்கு ஏறுகின்றன. பிலிரூபினில் 'டைரக்ட்' என்று குறிக்கப்படும் பகுதி மேலோங்குகிறது. இந்த வகை அறிக்கை கையில் வந்த பின்னும் பத்தியம் காத்திருப்பதில் பொருளில்லை. அடுத்த நாளே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்துவிட வேண்டும். இன்று சிற்றூர்களை அடுத்த நகரங்களிலும் அவ்வசதி உண்டு.

அந்த ஸ்கேனில் கட்டி தெரிய வேண்டும் என்பதில்லை. தொடக்கநிலைக் கட்டி பெரும்பாலும் தெரியாது. நாளத்தின் கீழ்முனையைக் குடலிலுள்ள காற்று மறைத்துவிடுகிறது. தெரிவது அடைப்பின் விளைவே: மடை அடைபட்டால் அதற்கு மேலுள்ள வாய்க்கால் நிரம்பி அகல்வது போல, அடைப்புக்கு மேலுள்ள குழாய்கள் விரிந்திருக்கும். கல்லீரலுக்குள்ளிருக்கும் குழாய்கள் மட்டும் விரிந்து, கீழுள்ள பொதுநாளம் இயல்பாகவும் பித்தப்பை சுருங்கியும் இருந்தால் அடைப்பு மேலே, கூடலில் உள்ளது. பொதுநாளமும் பித்தப்பையும் சேர்ந்தே விரிந்திருந்தால் அடைப்பு கீழே உள்ளது. 'கட்டி எதுவும் காணப்படவில்லை' என்னும் வரியைப் படித்து மகிழ்வோர், அதே தாளில் 'குழாய்கள் விரிந்துள்ளன' என்னும் வரியையும் படிக்க வேண்டும். காரணமில்லாமல் குழாய் விரிவதில்லை.

மற்றொரு தடுமாற்றம், கல். பித்தப்பையில் கல் இருப்பது மிகச் சாதாரணம். பலர்க்கு அது வாழ்நாள் முழுதும் தொல்லை தருவதில்லை. காமாலைக்காக ஸ்கேன் செய்தபோது பித்தப்பையில் ஒரு கல் தென்பட்டால், காரணம் கிடைத்துவிட்டது என்று தேடல் அத்துடன் நின்றுவிடுகிறது. பையிலிருக்கும் கல் பொதுவாகக் காமாலையை உண்டாக்காது; அது நழுவி நாளத்தில் விழுந்தாலே அடைப்பு நேரும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அறுவை மருத்துவர் கூர்வாசியே 1890-லேயே ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: கல்லினால் நாளம் அடைபடும்போது பித்தப்பை பெருப்பது அரிது. காமாலையோடு வலியின்றிப் பித்தப்பை கைக்குத் தட்டுப்படும் அளவு பெருத்திருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்பது இன்றும் மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கப்படும் பாடம்.

அடுத்த படியில்தான் இந்நோயின் மருத்துவத்தில் பெரிய இழப்பு நேர்வதுண்டு. ஆகவே அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியுள்ளது. காந்தப்புலத்தின் துணைகொண்டு பித்தநாளங்களை மட்டும் தனியே படம்பிடிக்கும் முறை எம்.ஆர்.சி.பி. உடலுக்குள் கருவி எதுவும் செல்வதில்லை. இ.ஆர்.சி.பி. என்பது அன்று, வாய்வழியே குழல் செலுத்தி, குடலிலுள்ள துவாரத்தின் வழியாக நாளத்துக்குள் நுழைந்து, அடைப்பைத் தாண்டி ஸ்டென்ட் என்னும் சிறு குழாயைப் பொருத்தும் முறை அது. ஸ்டென்ட் வைத்தவுடன் மஞ்சள் இறங்குகிறது, அரிப்பு அடங்குகிறது. நோயாளியும் வீட்டாரும் மருத்துவரை வாழ்த்துகிறார்கள். ஆனால் படமெடுக்கும் முன் ஸ்டென்ட் வைத்துவிட்டால், விரிந்திருந்த குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. குழாயின் சுவர் அழற்சியால் தடிக்கிறது. பிறகு எடுக்கும் படத்தில் கட்டி எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்று பிரித்தறிவது கடினமாகிறது. கூடலில் தோன்றும் புற்றை அகற்றும்போது கல்லீரலின் எப்பக்கத்தை வெட்டுவது, எப்பக்கத்தை எஞ்சவிடுவது என்பதே கேள்வி. அதை முடிவு செய்ய அறுவை மருத்துவருக்குக் கலங்காத படம் தேவை. கடுங்காய்ச்சலும் நடுக்கமும் கண்டு நாளத்தில் சீழ்த்தொற்று ஏற்பட்டிருந்தால் காத்திருக்க இயலாது. அடைப்பை உடனே திறந்தாக வேண்டும். அத்தகைய அவசரம் இல்லாதபோது, முதலில் எம்.ஆர்.சி.பி.யும் சி.டி. ஸ்கேனும், பின்னர் அறுவை மருத்துவரின் கருத்து, அதன்பின்பே ஸ்டென்ட் என்னும் வரிசையே தக்கது. 'படம் எடுத்துவிட்டீர்களா ஐயா?' என்று வீட்டார் கேட்பதில் தவறேதுமில்லை. நல்ல மருத்துவர் அக்கேள்வியால் மனம் வருந்தமாட்டார்.

திசுப் பரிசோதனையிலும் பொறுமை வேண்டும். இ.ஆர்.சி.பி.யின்போது தூரிகை போன்ற கருவியால் சுரண்டி எடுக்கும் அணுக்களில் புற்று தென்படாமல் போவது இந்நோயில் அடிக்கடி நிகழ்வது. கட்டி நாளத்தின் சுவருக்குள் நார்போலப் படர்வதால் தூரிகைக்கு அது அகப்படுவதில்லை. 'பரிசோதனையில் புற்று இல்லை' என்பதற்கு இங்கே 'கிடைத்த அணுக்களில் இல்லை' என்பதே பொருள். படமும் அறிகுறியும் புற்றையே சுட்டினால், திசுவில் உறுதிப்படும் முன்பே அறுவை செய்யப்படுவதும் உண்டு. சி.ஏ. 19-9 என்னும் இரத்தக் குறியீடு துணைச்சான்று மட்டுமே. அடைப்பும் தொற்றுமே அதை உயர்த்திவிடும். மஞ்சள் இறங்கிய பின் மீண்டும் பார்க்க வேண்டும். மக்களுள் ஒரு சிறு பகுதியினர்க்கு, பிறவியிலேயே உள்ள இரத்தவகை இயல்பினால், அது புற்று இருந்தாலும் உயர்வதேயில்லை.

எதிர்த்திசையில் ஓர் ஆறுதலும் உண்டு. ஐ.ஜி.ஜி. 4 சார்ந்த அழற்சி நோய் படத்தில் பித்தநாளப் புற்றைப் போலவே தோன்றும். ஸ்டீராய்டு மருந்துக்கு அது பெரும்பாலும் நன்கு கட்டுப்படும். ஐயம் இருப்பின் அதற்கான இரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்வது, வேண்டாத பேரறுவையைத் தவிர்க்க உதவும்.

இதுகாறும் சொன்னவை காமாலை தோன்றிய பின் செய்ய வேண்டியவை. கல்லீரலுக்குள்ளேயே தோன்றும் வகையில் காமாலை வெகுகாலம் வருவதில்லை. அறிகுறிக்கு முன்பே அறிய இயலுமா என்னும் கேள்விக்கு இரு நாடுகளின் அனுபவம் விடையளிக்கிறது. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் நன்னீர் மீனைப் பச்சையாக உண்ணும் வழக்கத்தால் கல்லீரல் தட்டைப்புழு பித்தநாளத்தில் குடியேறுகிறது. உலகிலேயே இப்புற்று மிகுதியாக உள்ள நிலப்பகுதி அது. பெற்றோர் இருவரையும் இந்நோய்க்குப் பறிகொடுத்த அறுவை மருத்துவர் நரோங் குந்திகேயோவும் கோன்கேன் பல்கலைக்கழகத்தினரும் அல்ட்ராசவுண்ட் கருவியைக் கிராமங்களுக்கே கொண்டுசென்று, நாற்பது வயதைக் கடந்தவர்களைச் சோதித்து வருகின்றனர். புலால் உண்ணாக் குடும்பங்களுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. ஆனால் அதைக் கொண்டு இந்நோயே வராது என்று கொள்வதும் பொருந்தாது.

ஜப்பானின் ஒசாகா நகரில் காரணம் வேறாக இருந்தது. அங்குள்ள ஓர் அச்சகத்தில் மையைக் கழுவும் கரைப்பான்களோடு காற்றோட்டமில்லாத அறையில் பணியாற்றிய இளைஞர்கள் பலர்க்கு இப்புற்று வந்தமை 2012-இல் வெளியாயிற்று; நோய் அறியப்பட்டபோது சிலர் இருபதுகளிலேயே இருந்தனர். அக்கரைப்பான்களுள் ஒன்றான 1,2-டைகுளோரோபுரோப்பேன் மனிதர்க்குப் புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் வகைப்படுத்தியது. அவர்களுள் சிலர்க்கு, நோய் அறியப்படுவதற்கு முன் நடந்த வழக்கமான உடற்பரிசோதனைகளிலேயே காமா ஜி.டி. உயர்ந்திருந்தது பின்னர்த் தெரிந்தது. மது அருந்தாதவர்க்கும் அந்த ஓர் எண் தொடர்ந்து உயர்ந்து நின்றால் ஸ்கேன் செய்து பார்ப்பதே முறை.

கண்காணிப்பில் இருக்க வேண்டியவர்களும் உளர். பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் பி.எஸ்.சி. என்னும் நோயுடையவர்கள் முதன்மையானோர். அமெரிக்கக் கால்பந்து வீரர் வால்டர் பேட்டன் 1999 பிப்ரவரியில் தமக்கு இந்நோய் உள்ளதென்றும் மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பதாகவும் அறிவித்தார். நாளத்தில் புற்று தோன்றிவிட்டதால் அவ்வழியும் அடைபட, அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, 45-ஆம் வயதில் மறைந்தார். இந்நோயுடையவர்க்கு ஆண்டுதோறும் எம்.ஆர்.சி.பி. வழியாகக் கண்காணிப்பு இன்று பரிந்துரைக்கப்படுகிறது. பிறவியிலேயே பித்தநாளம் பை போல வீங்கியிருப்பவர்க்கு அதை அறுவையால் அகற்றிவிடுவதே பாதுகாப்பு; இக்குறை ஆசிய நாடுகளில் மிகுதி. கல்லீரலுக்குள்ளேயே கற்கள் தங்கியவர்களும், ஹெப்பட்டைட்டிஸ் பி, சி கிருமி உடையவர்களும் கவனத்துக்குரியவர்கள்.

முழுமையாக அகற்றும் அறுவையே இந்நோயைத் தீர்க்கும் முதன்மையான வழி. கீழ்ப்பகுதிப் புற்றுக்குக் கணையத்தின் தலைப்பகுதியோடு முன்சிறுகுடலும் அகற்றப்படுகிறது. மேற்பகுதிக்குக் கல்லீரலின் ஒரு பாதியே எடுக்கப்படுவதுண்டு. எஞ்சிய பாதி வளர்ந்து ஈடுகட்டும் திறனுடையது. இவை எல்லா மருத்துவமனைகளிலும் செய்யத்தக்கவை அல்ல. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்று, கல்லீரல், பித்தநாள அறுவைக்கெனத் தனிக்குழுவுள்ள இடங்களை நாட வேண்டும். வந்தவாசியிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ இவை இரண்டும் ஒரு நாளில் சென்று வரும் தொலைவுதான்.

வீட்டார் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். ஐயம் எழுந்தவுடன், முதியவர் அறியலாகாது என்று மறைத்து, 'வெறும் காமாலைதான் அப்பா' என்று சொல்லிவிடுகிறார்கள். அன்பினால் செய்வதே. ஆனால் வெறும் காமாலை என்று நம்பியவர், ஒன்றன்பின் ஒன்றாக ஸ்கேனும் குழலும் எதற்கு என்று மறுக்கிறார். 'பத்து நாள் பொறுத்துப் பார்ப்போம்' என்கிறார். அவர் மறுப்பு அறியாமையன்று. அவருக்குச் சொல்லப்பட்ட செய்திக்கு ஏற்ற அறிவார்ந்த விடைதான் அது. 'குழாயில் அடைப்பு இருக்கிறது, காரணத்தை அறிய வேண்டும்' என்பது முழு உண்மை. அதைக் கேட்கும் வலிமை பெரும்பாலான முதியவர்களிடம் உண்டு, பிள்ளைகள் எண்ணுவதைக் காட்டிலும் மிகுதியாகவே.

பெரிய மருத்துவமனைக்குச் செல்லும்போது பழைய இரத்த அறிக்கைகளைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்ல வேண்டும். காமாலை எந்நாளில் தோன்றியது, இடையில் இறங்கியதா, என்னென்ன மருந்து உட்கொள்ளப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. நாட்டு மருந்தை மறைக்க வேண்டியதில்லை. ஸ்கேன் அறிக்கையின் தாள் மட்டும் போதாது. படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் ஸ்கேன் மையத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்; அறுவை மருத்துவர் முதலில் கேட்பது அதையே.